கடன்பட்ட பெருமாளைப் பார்க்கப் போகிற வழி

புரட்டாசி பிறந்தால் காசிமேட்டில் மீன் விலை இறங்கிவிடும். மற்ற மாதங்களில் விலை கேட்கவே யோசிக்க வைக்கும் வஞ்சிரம், வாங்க ஆளில்லாமல் ஐஸில் கிடக்கும். மீனே தொழிலாக இருக்கிற வீடுகளில்கூட அந்த மாதம் கவுச்சி கிடையாது. குழம்புச் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் வாசலில் பெரிய கோலம், உள்ளே சர்க்கரைப் பொங்கலும் உளுந்து வடையும் சுண்டலும் வைத்துத் தளிகை. நாமம் போட்ட பித்தளைச் சொம்பைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் "கோவிந்தா, கோபாலா" என்று வீடு வீடாக வருவார்கள். ஒரு பிடி அரிசியாவது போடாமல் எங்கள் தெருவில் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

வருமானம் படுத்துவிடுகிற ஒரு மாதத்தை ஏன் இத்தனை ஆசையாக எதிர்பார்க்கிறோம்? வடசென்னையில் தெய்வத்துக்குக் குறைச்சலில்லை. திருவொற்றியூரில் வடிவுடையம்மன், ராயபுரத்தில் அங்காள பரமேஸ்வரி, தெருமுனைக்குத் தெருமுனை ஒரு மாரியம்மன். அவர்களிடம் சண்டை போடுவோம், அழுவோம், கூழ் ஊற்றுவோம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மகளுக்கு வரன் தகையாவிட்டாலும், மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது மட்டும் ஏழுமலையானுக்குத்தான். இதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நான் நம்புகிற காரணம் ஒன்றுதான். அந்தப் பெருமாளுக்குக் கடன் இருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிருகு முனிவர் மார்பில் உதைத்ததைப் பெருமாள் பொறுத்துக்கொண்டார், தாயார் மகாலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. கோபித்துக்கொண்டு கோலாப்பூருக்குப் போய்விட்டாள். அவளைத் தேடி வைகுண்டத்தை விட்டு இறங்கியவர் வேங்கட மலையில் ஒரு புற்றுக்குள் கிடந்தார். கையில் ஒன்றுமில்லாத ஆளாக இருந்தபோதுதான் நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதியைப் பார்த்தார். ராஜா வீட்டுச் சம்பந்தம், கல்யாணச் செலவு சும்மா விடுமா? குபேரனிடம் கடன் வாங்கினார். பிரம்மாவும் சிவனும் அரசமரமும் சாட்சி. கலியுகம் முடிகிற வரைக்கும் வட்டி கட்டுவதாகப் பேச்சு. உண்டியலில் விழுவதெல்லாம் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்பது நம்பிக்கை. கீழ்த் திருப்பதியில் படுத்திருக்கிற கோவிந்தராஜப் பெருமாளை அண்ணன் என்பார்கள். தம்பியின் கடனுக்குப் பணத்தை அளந்து அளந்து ஓய்ந்துபோய், அளக்கிற மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாராம்.

இந்தக் கதையை வசதியாக இருப்பவர்கள் கேட்பதற்கும் எங்கள் தெருவில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் பக்கத்தில் தண்டல் வாங்காத வீடு அபூர்வம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்தாயிரம் என்று பேசி, முதலிலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். தண்டல்காரர் காலையில் வண்டியில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு சின்ன அட்டை, அதில் கட்டம் கட்டமாகத் தேதி. பணத்தை வாங்கிக்கொண்டு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மழையானாலும் சாவானாலும் அந்தக் கட்டம் நிரம்பியாக வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, பேரன் பிறந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் பாதயாத்திரைக் குழுவில் ஒரு அக்கா வருவார். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவில் கூடை வைத்து விற்பவர். மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. ஒருமுறை நாகலாபுரத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, வருஷா வருஷம் இப்படிக் கால் கொப்பளிக்க வர்றியே, அப்படி இன்னாதான் வேண்டுதல்?" என்று கேட்டேன். "வேண்டுதல் ஒன்னியும் இல்ல கண்ணு. அவரும் நம்மள மாரி கல்யாணத்துக்கு வாங்குனவரு. இன்னும் கட்டினு கீறாரு. போய் ஒரு வாட்டி பாத்துட்டு, நம்ம பங்குக்கு நாலு காசு போட்டுட்டு வரலாம்னுதான்" என்றார். கேட்டு வாங்கப் போகிற கோயில் என்று நான் நினைத்திருந்த இடத்துக்கு அவர் கைமாற்றுக்கு உதவப் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தார். அன்றையிலிருந்து அந்த மலையை என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

திருப்பதிக்கு இங்கிருந்து பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம். அப்புறம் எதற்கு நடக்கிறோம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அந்த வழியிலேயே இருக்கிறது. ஆனால் வழிக்குப் போவதற்கு முன்னால் குடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

திருமலை பிரம்மோற்சவத்துக்கு முன்னால் சவுகார்பேட்டைப் பக்கம், பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதி குடை கிளம்பும். பட்டணம் கோயில் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இப்போது உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில் முதலில் இருந்து, 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டு, பிறகு இங்கே எழுந்த கோயில். வெண்பட்டில் ஜரிகைத் தொங்கலோடு ஆள் உயரத்தைப்போல் ரெண்டு மூன்று மடங்கு உயரக் குடைகள். இந்த மாதிரிக் கோயில் குடை கட்டுகிற குடும்பங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கின்றன. மூங்கிலை வளைத்து, பட்டைத் தைத்து, மேலே கலசம் வைத்து, எல்லாம் கை வேலை. குடைகள் யானைக்கவுனியைத் தாண்டுகிற நேரத்துக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும். அந்தச் சமயத்தில் எழும்புகிற "கோவிந்தா"வை வால்டாக்ஸ் சாலையில் நின்று கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். பிறகு சூளை, அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று ஊர் ஊராகத் தங்கி, திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்குக் குடை சமர்ப்பித்து, கருட சேவைக்கு முன்னால் மலைக்குப் போய்ச் சேரும்.

கருட சேவை அன்று உற்சவரான மலையப்ப சுவாமி கழுத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இருக்கும். தலைக்கு மேல் எங்கள் ஊர்க் குடை இருக்கும். மாலையைக் கொடுத்தது ஒரு பெண், குடையைக் கொடுத்தது ஒரு பட்டணம். வீட்டு விசேஷத்துக்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாகச் சீர் கொண்டுபோகிற மாதிரி. கால் முடியாத கிழவிகள் எத்தனையோ பேர் சூளையில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடைக்குக் கற்பூரம் காட்டி, முடிந்து வைத்த மஞ்சள் துணியைக் குடையோடு போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் யாத்திரை போனவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாங்கள் குடையோடு போவதில்லை. எங்கள் வழி வேறு. தண்டையார்பேட்டையில் விடியற்காலை கிளம்பி மூலக்கடை, புழல், செங்குன்றம். காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் கல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு இடது பக்கம் திரும்பினால்தான் மூச்சு விட முடியும். அதுவரைக்கும் கன்டெய்னர் லாரிகள் அடிக்கிற காற்றில் சேலை காலைச் சுற்றும். பெரியபாளையத்தில் பவானியம்மனிடம் சொல்லிக்கொண்டு, ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திரா. சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர், அங்கிருந்து திருச்சானூர்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கால்வாய் வரும். எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே நின்று கும்பிடுவதைப் பார்த்தால் புதிதாக வருபவர்கள் ஏதோ கோயில் குளம் என்று நினைப்பார்கள். கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயிண்ட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்ட ஒப்பந்தம். ஆண்டுக்கு 12 டிஎம்சி தருவதாகப் பேச்சு. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி வருகிற தண்ணீர் 1996-இல்தான் முதன்முதலாக இங்கே எட்டிப் பார்த்தது. இது பூண்டிக்குப் போய், அங்கிருந்து புழலுக்கு வந்து, பிறகுதான் எங்கள் தெருக் குழாயில். லாரித் தண்ணீருக்கு ராத்திரியெல்லாம் பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத் திண்ணையில் தூங்கியவர்களுக்கு அந்தக் கால்வாயைப் பார்த்தால் கை தானாகக் குவியும். நாங்கள் மலையைப் பார்த்துப் போகிற வழியில் மலைப்பக்கத்திலிருந்து தண்ணீர் எங்களைப் பார்த்து வருகிறது.

எல்லை தாண்டியதும் சுருட்டப்பள்ளி. ஆரணி ஆற்றங்கரையில் சிவன் படுத்திருக்கிறார், தலை அம்பாள் மடியில். ஆலகால விஷத்தைக் குடித்த மயக்கம். சிவன் கோயிலில் லிங்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விஷம் குடித்துப் படுத்த புருஷனும் பக்கத்தில் கவலையாக உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியும் வேறு மாதிரித்தான் படும். எங்கள் குழுப் பெண்கள் அங்கே அதிக நேரம் நிற்பார்கள். குடித்துவிட்டு விழுந்த புருஷன்மார் தலையை மடியில் தாங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள். மச்ச அவதாரம், இடுப்புக்குக் கீழே மீன். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலாம்பாவின் பெயரில் ஊரை வைத்துக் கட்டிய கோயில். மார்ச் மாதத்தில் சில நாள் சாயங்கால வெயில் அத்தனை வாசலையும் தாண்டி வந்து மூலவர் மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள், முதலில் பாதம், பிறகு உடம்பு, பிறகு முகம். புரட்டாசியில் போகிற எங்களுக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. ஆனால் மீன் விற்கும் அக்கா அந்த மீன் உருவப் பெருமாள் முன்னால் தன் கூடையில் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நாராயணவனம்தான் இந்த வழியின் உயிர் என்பேன். கல்யாணம் நடந்த ஊர். கூட்டம் கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. மலையில் ஒரு நொடி கிடைப்பதே பெரிய காரியமாக இருக்கிற பெருமாள் இங்கே கல்யாண வெங்கடேஸ்வரராக, நீங்கள் போதும் என்று சொல்கிற வரைக்கும் எதிரில் நிற்பார். கோயிலுக்குள் ஒரு பெரிய கல் திரிகை இருக்கிறது. பத்மாவதி கல்யாணத்துக்கு மாவு அரைத்தது என்பார்கள். எங்கள் பெண்கள் அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். கல் வழவழவென்று இருக்கிறது. அந்தக் காலத்துச் சமையல்கட்டு, உட்கார்ந்து அரைத்த பெண்கள், எத்தனை படி மாவு, யார் வாங்கிக் கொடுத்த அரிசி என்றெல்லாம் பேச்சு போகும். கடன் எதற்கு ஆனது என்பதற்கு அங்கே ஒரு கல் இருக்கிறது. புராணம் என்று தள்ளி நின்று கேட்ட கதை, அந்தக் கல்லைத் தொட்டால் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கணக்காகிவிடும்.

இன்னொரு விஷயமும் இந்தக் கதையில் எனக்குப் பிடிக்கும். கல்யாணம் ஆனவர்கள் ஆறு மாதம் மலையேறக் கூடாது என்று அகத்தியர் சொல்ல, பெருமாளும் தாயாரும் ஸ்ரீநிவாச மங்காபுரத்தில் தங்கியிருந்துவிட்டுத்தான் மேலே போனார்களாம். வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற சாஸ்திரத்துக்கு அடங்கிய மாப்பிள்ளை. அவர் ஏறிய வழிதான் ஸ்ரீவாரி மெட்டு. 2,388 படி, தூரம் குறைவு, செங்குத்து அதிகம்.

புத்தூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கை கால் முறிந்தால் கட்டுப் போடுகிற புத்தூர் கட்டு மெட்ராஸ் முழுக்கப் பிரசித்தம். கால் பிசகியவர்களை எங்கள் குழு அங்கே காட்டிவிட்டுத்தான் நகரும். அங்கிருந்து நடக்க நடக்க மேற்கே மலை தெரிய ஆரம்பிக்கும். அந்தத் தொடரைச் சேஷன் படுத்திருப்பதாகச் சொல்வார்கள். இருட்டிய பிறகு மலைச்சரிவில் காலி கோபுரத்து (தெலுங்கில் காலி என்றால் காற்று) விளக்கும் பெரிய நாமமும் ஒளிரும்போது, அதுவரை நொண்டிக்கொண்டு வந்தவர்களும் வேகம் பிடித்துவிடுவார்கள்.

நாங்கள் அலிபிரி வழியாக ஏறுவோம். 3,550 படி, சுமார் 9 கிலோமீட்டர். முதல் படியிலேயே சில பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுகிற வேண்டுதல் அது. இடது கையில் மஞ்சள் குழைத்த கிண்ணம், வலது கையின் மூன்று விரல். பூசுவது, பொட்டு வைப்பது, அடுத்த படிக்கு நகருவது. முன்னால் போனவர் பூசிய மஞ்சள் காய்வதற்குள் பின்னால் வருபவர் அதன்மேலேயே பூசுவார். காலி கோபுரம் வரைக்கும் ஏற்றம் கடுமை. அதன் பிறகு மான்களைப் பார்த்துக்கொண்டு சமதளமாகப் போகலாம். கடைசியில் முழங்கால் முறிச்சான் என்கிற ஏற்றம். மலையே பெருமாள் என்று நினைத்த ராமானுஜர், கால் வைத்து மிதிக்க மனமில்லாமல் அங்கே முழங்காலால் ஏறியதாக ஐதீகம்.

2023 ஆகஸ்டில் இந்த வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு நடப்பவர்கள் கையில் கோல் கொடுத்தார்கள், பிள்ளைகளோடு வருபவர்களை மதியத்துக்கு மேல் ஏற விடாமல் கட்டுப்படுத்தினார்கள். எங்கள் குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு சரியென்றே படுகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் விடியலில் ஏறட்டும். பக்தி என்று சொல்லி முன்னால் ஓடவிட்டுப் பின்னால் வருவது வேண்டாம்.

மேலே போனதும் கல்யாணகட்டாவில் முடி காணிக்கை. இலவசம்தான். பெண்கள் பக்கம் போய்ப் பார்த்தால் மனசு கனக்கும். இடுப்பு வரைக்கும் தொங்குகிற முடியை இளம்பெண்கள் கொடுத்துவிட்டு, ஈரத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தபடி வெளியே வருவார்கள். பிறகு புஷ்கரிணி, கரையில் வராகர். மலை அவருடையது, பெருமாள் அவரிடம் இடம் கேட்டுத் தங்கியவர், அதனால் முதல் தரிசனமும் முதல் நைவேத்தியமும் அவருக்கு. பாருங்கள், குடியிருக்கிற இடமும் சொந்தமில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வராகர் சன்னிதியில் நின்றால் அது சட்டென்று உறைக்கும்.

சாதாரண நாளிலேயே 60,000, 70,000 பேர் வருகிற கோயில். இலவச தரிசனத்துக்கு ராத்திரி முழுக்கக் கூடத்தில் அடைந்து கிடந்து, விடியலில் ஓடி, தங்க வாசலுக்கு முன்னால் வரும்போது "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தோளைத் தள்ளிவிடுவார்கள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடும். வலது கை பாதத்தைக் காட்டும், இடது கை இடுப்பில். அவ்வளவுதான் கண்ணில் ஏறும். பத்தாயிரம் ரூபாய் நன்கொடையும் ஐந்நூறு ரூபாய் டிக்கெட்டும் கட்டினால் பிரேக் தரிசனம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கோயில் கட்டுவதற்கு அந்தப் பணம் போகிறது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நடந்து வந்து காலில் துணி சுற்றிக்கொண்டு நிற்கிற கிழவிக்கு ஒரு நொடியும் பணம் கட்டியவருக்கு அதைவிட நெருக்கமும் கிடைப்பதை என் மனசு ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளவும் போவதில்லை. கடன்பட்டவர் வீட்டில் பணக்காரருக்குத் தனி வாசல் இருக்கக் கூடாது.

வெளியே வந்தால் உண்டியல். வெள்ளைத் துணி கட்டிய பெரிய கொப்பரை, துணியில் நாமமும் சங்கு சக்கரமும். ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய்க்கு மேல் விழுகிற இடம். அக்கா மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே போடுவார். உள்ளே பத்தும் இருபதுமாக வருஷம் பூராச் சேர்த்த காசு. மீன் விற்ற நோட்டு, கொஞ்சம் வாசனை இருக்கும். போட்டுவிட்டு, "இந்த வருசத்துக்கு நம்மளால ஆனது" என்பார்.

அந்தப் பணம் எங்கே போகும் என்கிற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அதைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. விஜயநகரக் காலத்தில் பக்தர்கள் கோயிலில் கட்டிய பணம் பெட்டிக்குள் முடங்கவில்லை. கோயிலுக்குச் சேர்ந்த கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போனது. கூடிய விளைச்சலிலிருந்து, பணம் கொடுத்தவர் பெயரில் பெருமாளுக்குத் தளிகை. அந்தப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. விட்டவன் விழுக்காடு என்று கல்வெட்டு சொல்கிறது. பர்ட்டன் ஸ்டைன் என்கிற ஆய்வாளர் 1960-இலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஆக, கடன்கார சாமியின் உண்டியல் ஒரு காலத்தில் வறண்ட ஊர்களுக்கு ஏரியாகியிருக்கிறது. ஊத்துக்கோட்டைக் கால்வாயில் எங்கள் பெண்கள் கும்பிட்டது தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், கோயில் வருமானத்தை வசூல் கணக்கில் சேர்த்தார்கள். 1843-இல் கோயிலை ஹாதிராம்ஜி மடம் என்கிற வடநாட்டுச் சாமியார்கள் மடத்திடம் ஒப்படைத்தார்கள். 1933-இலிருந்து தேவஸ்தானம். 1985-இல் தொடங்கிய அன்னதானம் இன்றைக்கும் நடக்கிறது. வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் இலையில் விழுகிற சூடான சோறும் சாம்பாரும் சட்னியும், நடந்து வந்த பசிக்கு வேறெதுவும் ஈடில்லை. உண்டியல் பணம் யாருக்கு என்ற கேள்விக்கு என் மனசு நிறைகிற மாதிரி ஒரு பதில் அந்தப் பந்தியில் கிடைக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்டல் எடுத்துக்கொண்டு யாரும் திருப்பதிக்கு வராதீர்கள். எங்கள் தெருவிலேயே தங்கக் காசு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, வட்டிக்கு வாங்கி வந்து போட்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து ஒரு வருஷம் அந்த அட்டையின் கட்டங்களை நிரப்பினார்கள். கடனின் வலி தெரிந்த சாமி அதைக் கேட்க மாட்டார். ஒரு பிடி அரிசி வாங்கிக்கொண்டு போகிறவர் அவர்.

நடக்க நினைக்கிற பெண்களுக்குச் சில விஷயம். பிச்சாட்டூரிலிருந்து புத்தூர் வரைக்கும் கழிவறைதான் பெரிய பாடு. பெட்ரோல் பங்க்குகளில் கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள். ஒரு மண்டபத்தில் மட்டும் பெண்கள் தங்க இடமில்லை என்று ராத்திரி பத்து மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு தங்குகிற இடத்தை முன்கூட்டியே பேசிவைக்காமல் நாங்கள் கிளம்புவதில்லை. வழியில் இருக்கிற கோயில் நிர்வாகங்கள் புரட்டாசி ஒரு மாதம் மட்டுமாவது பெண்களுக்கு ஒரு அறையும் தண்ணீரும் திறந்து வைத்தால் புண்ணியமாகப் போகும். புதுச் செருப்பு வேண்டாம், பழகின செருப்பே போதும். முதுகில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், இருட்டில் லாரிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். உச்சி வெயிலில் நடக்காதீர்கள். நீர்மோர் யார் கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

நாங்கள் புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமைத் தளிகையை வீட்டில் முடித்துவிட்டு மறுநாள் விடியலில் கிளம்புவோம். செங்குன்றம் வழி நடக்க முடியாதவர்கள், லாரிக்குப் பயப்படுபவர்கள், பெரியபாளையம் வரைக்கும் பஸ்ஸில் வந்து பவானியம்மன் கோயில் வாசலில் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.